சேறு கழுவாத இரண்டு சைக்கிள்கள்

1

இந்தக் கதை ஒரு திருட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுச் சைக்கிள்களை எடுத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். எடுக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உருப்படியான ஓர் ஆரம்பம் வேண்டும்.

"நார்வேயின் மேற்குக் கரையில், தீவுக்குத் தீவு படகேறி, சைக்கிள் மிதித்துப் போகிற சுகம்" (சுற்றுலாக் கையேடு. வேண்டாம்.)

"ஸ்டைனாருக்கு மறதி நோய் என்று டாக்டர்" (இதை முடிக்க மனம் வரவில்லை. நோயில் தொடங்கினால் கடைசிவரை அவரை நோயாளியாகவே பார்ப்பீர்கள். பூடோ ஊரில் பாதிப்பேரைச் சின்ன வயதில் மலையேற்றி மூச்சுவாங்க வைத்த உடற்பயிற்சி ஆசிரியர் அவர். அப்படியே உள்ளே வரட்டும்.)

2

மாலையில் சாப்பாடு முடிந்ததும் ஸ்டைனார் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரிப்பார். மனைவி தோர்டிஸ் காப்பிக் குவளைகளை அதன் மூலைகளில் வைப்பாள்.

"இந்தக் கோடையில போயே ஆகணும், தோர்டிஸ். சும்மா சும்மா தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கோம்."

"யாரு தள்ளிப் போட்டா? நீதான் வரைபடத்த விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குற."

"தெற்கேருந்து வடக்கே போனா காத்து முதுகுல தள்ளும். வேகா தீவுல கூடாரம் போடலாமா?"

"கரையோரம் வேணாம், காத்து பிச்சிட்டுப் போயிடும். படகுத்துறைக்குப் பின்னாடி ஒரு மதில் இருக்கு, அங்க போடலாம்."

"நேர்ல பாத்தவ மாதிரி அளக்குறியே!"

"ஆமா, எனக்கு ஞானக்கண்ணு. காப்பியக் குடி, ஆறுது."

அவள் நேரில்தான் பார்த்திருந்தாள். போன ஜூலையில், இவரோடு, இதே வழியில்.

3

இங்கே ஒருவரோடு ஒருவர் எங்கே நடந்துவிட்டு வந்தாலும், வீடு திரும்பியதும் "பயணத்துக்கு நன்றி" என்று சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னாலிருக்கும் குன்றில் ஏறி இறங்கினாலும் சரி. சண்டை போட்டுக்கொண்டே இறங்கிய நாட்களில்கூட ஸ்டைனார் வாசலில் நின்று, முறைப்பாகவாவது, அதைச் சொல்லாமல் உள்ளே போனதில்லை.

போன ஜூலையில் வீடு வந்து சேர்ந்ததும் தோர்டிஸ் சைக்கிள்களைக் கொட்டகைக்குள் சாய்த்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே காத்திருந்தாள்.

"சரி," என்றார் அவர், "எப்போ கிளம்புறோம்?"

கேலி செய்கிறார் என்று நினைத்து முதலில் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தச் சைக்கிள்களை அவள் கழுவவேயில்லை. கடலுப்பும் சேறுமாகச் சைக்கிளை விட்டுவைப்பது இந்த ஊரில் பாவத்தோடு சேர்த்தி. "கழுவிட்டா, போயிட்டு வந்தாச்சுன்னு ஆயிடும்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னாள்.

(ஓர் ஓரக்குறிப்பு. இதை எழுதும்போது தோர்டிஸ்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மறைப்பது அவருக்காகவா, தனக்காகவா? பகலெல்லாம் செருப்பைத் தேடித் தடுமாறும் மனிதர், வரைபடத்தின் முன் உட்கார்ந்தால் பழைய ஸ்டைனார். காப்பி ஆறும்வரை புருஷன் திரும்பக் கிடைக்கிறார். நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன். ஆனால் அந்த நன்றிக்காக அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால்தான் அது கிடைக்கும். சொல்லிவிட்டால் அந்த வரைபட மாலைப்பொழுதுகள் போய்விடும்.)

4

இங்கே நானே கதைக்குள் வரவேண்டியிருக்கிறது. ஏப்ரலில், பனி உருகிக்கொண்டிருந்த ஒரு நாள், ஸ்டைனார் என் கதவைத் தட்டினார்.

"கொட்டகையத் திறந்து பாத்தேன். எங்க சைக்கிள யாரோ ஓட்டியிருக்காங்க! சக்கரமெல்லாம் சேறு, சங்கிலியில உப்புப் பூத்துக் கெடக்கு. நீதானே?"

அவருக்குப் பின்னால் தோர்டிஸ், மேலங்கிக்குப் பொத்தான்கூடப் போடாமல் ஓடிவந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் வேறென்ன சொல்ல முடியும்?

"ஆமா ஸ்டைனார். நானும் எம் பொண்டாட்டியும்தான். கேக்காம எடுத்துட்டோம்."

"அட மடையா! கேட்டிருந்தா காத்தடிச்சே குடுத்திருப்பேனே. கழுவியாவது வெச்சிருக்கக் கூடாதா? சரி, எங்க போனீங்க?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வரைபடத்தின் முன் உட்காரவைத்தார். தோர்டிஸ் சொல்லியிருந்ததையெல்லாம் அவரிடம் அளந்தேன். அவருடைய பயணத்தை அவருக்கே சொன்னேன். "ஆகா!" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் நாள் நல்ல மழை. கடைசிப் படகு போயிடுச்சு. துறையிலயே உக்காந்து, கையில இருந்த ஒரே ஒரு ஆரஞ்ச உரிச்சு, ஆளுக்குப் பாதி தின்னோம்."

"பாதி எங்க பாதி?" என்று அடுப்படியிலிருந்து திரும்பினாள் தோர்டிஸ். அவள் பார்த்தது என்னையல்ல. "முக்காவாசிய எனக்கே குடுத்துட்டு, நீ தோல மோந்து பாத்துக்கிட்டு உக்காந்திருந்த."

சொன்ன மறுகணமே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டைனார் அவளைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார்.

"நானா?" என்றார்.

5

முடிவு ஒன்று: "ஆமா, நீதான்" என்கிறாள். ஃபோனில் ஒளித்துவைத்திருந்த படங்களைக் காட்டுகிறாள். அவர் (மேலே எழுத முடியவில்லை. தன் மறதியைத் தானே எதிரில் பார்க்கிற மனிதரின் முகத்தை என்னால் எழுத முடியாது.)

முடிவு இரண்டு: "உளறிட்டேன், கிழவா" என்கிறாள். நாளைக்கும் வரைபடம் விரிகிறது, அடுத்த வருடமும் (இதையும் அடித்துவிட்டேன். அவளுக்கு யார் நன்றி சொல்வது?)

நடந்ததைச் சொல்கிறேன். அவள் வாய் திறப்பதற்குள் நான் எழுந்து, வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஜன்னல் வழியே பார்த்தேன். முற்றத்தில் ஆவி பறக்கும் வாளி. இரண்டு சைக்கிள்களையும் கவிழ்த்துப் போட்டு இருவரும் கழுவிக்கொண்டிருந்தார்கள். தோர்டிஸின் கண்கள் வீங்கியிருந்தன. போய்விட்டு வந்தாலும் சைக்கிளைக் கழுவுவார்கள். புறப்படும் முன்பும் கழுவுவார்கள்.

ஸ்டைனார் நிமிர்ந்து, ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவளிடம் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம், இரண்டே சொல் இருக்கும். "பயணத்துக்கு நன்றி" என்பதும் இரண்டு சொல்தான். "எப்போ கிளம்புறோம்" என்பதும் இரண்டு சொல்தான்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொக்கி இடது பக்கம் இருக்கிறது. திறந்து கேட்பதென்றால் நீங்கள்தான் திறக்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை.