சவுனாவில் வெந்த களிமண்

"பனி இறங்கினா பாலே உறையுது, களிமண்ணு உறையாதா? நான் மட்டும் தூக்கிட்டுப் போகலன்னா..."

"யாரு தூக்கச் சொன்னது? கிழங்கு அறையில பனி என்னிக்கு இறங்கியிருக்கு?"

"...களிமண்ணு அடைச்ச எல்லாக் குழாயும் வெடிச்சிருக்கும்!"

"பூமிக்குள்ள இருக்கிற அதே குளிர் அங்க இருக்குன்னுதானே வச்சேன், மரமண்டை!"

என் அண்ணன் கௌகோவும் அண்ணி அவுனேயும் இப்படித்தான். ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருந்ததில்லை. நடுவில் நான் ஏலக்காய் பன்னைக் காபியில் தோய்த்துத் தின்றுகொண்டிருப்பேன். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சமையலறையில் இப்போது கடிகாரம் மட்டும்தான் பேசுகிறது.

அவுனேக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எங்கள் கடலோரக் கறுப்புக் களிமண் போட்ட ரோட்டை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. சிமென்ட் கலந்து இறுக்கலாம் என்றார்கள் இன்ஜினியர்கள். பாதி சிமென்ட் போதும், மீதிக்கு இரும்பு உலையில் மிஞ்சும் கசட்டை அரைத்துக் கலக்கலாம், மெதுவாக இறுகும் என்றாள் அவுனே. மன்றாடி ஒரே ஒரு சோதனைக்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். கலவையைக் குழாய்களில் அடைத்து, எங்கள் வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இருந்த கிழங்கு அறையில் ஜாம் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது கடும் பனி பிடித்தது. அண்ணன் பதறிப்போய்க் குழாய்களை ஆவிக்குளியல் போடும் சவுனா அறைக்குள் அடுப்பின் பக்கத்தில் அடுக்கினான். மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமை சவுனா மூட்டாத வீடு எங்கள் ஊரில் ஏது? மூட்டினான். நாங்கள் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி பிடித்தோம், களிமண்ணும் எங்களோடு பிடித்தது.

ஞாயிறு மாலை அவுனே திரும்பி வந்ததும்தான் இந்தச் சண்டை.

"தட்டிப் பாரு, கல்லு மாதிரி இருக்கு. நாளைக்கு இன்ஜினியர் ஹல்மே பாத்தாருன்னா உன் கசடு ஜெயிச்சிடும். வாய மூடிட்டு இரு."

"சூட்டுல வெந்தா சீக்கிரம் கல்லாகத்தான் செய்யும். ரோட்டுக்கு அடியில யாரு அடுப்பு மூட்டப் போறா, நீயா?"

"குளிர்லயும் இறுகும்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். எவ்வளவு மெதுவான்னு தெரியாமலே அதுமேல பள்ளிக்கூட பஸ்ஸ ஓட்டச் சொல்லவா?"

"உண்மையச் சொன்னா நாளைக்கே சிமென்ட்டுன்னு முடிச்சிடுவாங்க. அப்புறம் உன்ன யாரு சீந்துவா?"

அவுனே ஒரு குழாயை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காபி ஆறிப்போய் ஏடு கட்டியது.

திங்கட்கிழமை குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மூவருமே போனோம். இன்ஜினியர் ஹல்மே நல்ல மனிதர். முதல் குழாயின் மண்ணை உருவி நசுக்கும் இயந்திரத்தில் வைத்தார். முள் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"அடேயப்பா! அவுனே, இது சிமென்ட்டையே தூக்கி அடிக்குதேம்மா! உங்க கலவைதான்னு இன்னைக்கே எழுதிடறேன்."

அவுனே ஒரு அடி முன்னால் வந்தாள். "அது வந்து..." என்று தொடங்கினாள். அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குறுக்கே வந்தான்.

"எழுதாதீங்க, இன்ஜினியரே. சவுனாவுல வச்சு வேக வச்சது நான், அவ மேல தப்பில்ல. புதுசா கலந்து குளிர்ல வைக்கிறோம், பனி உருகுற வரைக்கும் பொறுத்துக்குவீங்களா?"