மெம்பர்களுக்கு மட்டும் ஒரு குரல்

"யாரக் கேட்டு மதினி போடுறேன்னு சொன்னீக?"

வேல்பாண்டி கைபேசியைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தான். அதிலிருந்து ரேணுகாவின் குரல் மறுபடியும் ஒலித்தது.

"நீ கெளம்பி வா கண்ணு. மொத வளையல நானே போடுறேன். அம்மா இல்லேங்கிற நெனப்பே உனக்கு வரக்கூடாது."

இட்லித் தட்டோடு நின்றிருந்த ரேணுகா தன் குரலையே யாரோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஈஸ்வரி சட்னியைத் தொடாமல் புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"அந்த மீனுப் பிள்ளை அழுதுச்சு தம்பி. வாயில வந்திருச்சு."

"நீங்க ஈஸ்வரியா இருந்துதான பேசுறீக. ஈஸ்வரி என்ன செய்வாளோ அதத்தான சொல்லணும்? இப்ப அது கோயம்புத்தூர்லருந்து டிக்கெட்டே போட்டிருச்சு. ஏழாம் மாசம். நம்ம வீட்லயே வளைகாப்பு வையிங்கன்னு புருஷன், புருஷனோட அத்தை எல்லாரோடயும் வருது. வந்து நிக்கையில யாரு போடுறது, நீங்களா?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரேணுகாவின் புருஷன், வேல்பாண்டியின் அண்ணன் சேவுகப்பெருமாள், லாரி மோதி இறந்து நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, பால் காய்ச்சுவது எதற்கும் அவள் கூடத்துக்கு வருவதில்லை. யாரும் அவளை வராதே என்று சொன்னதில்லை. "நீங்க உள்ள பந்தி வேலையப் பாத்துக்கங்க மதினி" என்பார்கள். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது.

"நாஞ் சமாளிச்சுக்கிறேன்," என்றாள் ஈஸ்வரி. "தொண்டையில புண்ணு, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாருன்னு சொல்லிருவோம். நான் வளையல மட்டும் போட்டு விடுறேன். அக்கா, நீங்க உள்ள இருங்க, என்ன?"

ரேணுகா தலையாட்டினாள்.

'ஈஸ்வரியக்கா வீடு' என்ற அந்தச் சேனலில் தெரிந்த முகம் ஈஸ்வரியுடையது. களையான முகம், தலை நிறையப் பூ. ஆனால் கேமராவைப் பார்த்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவதுபோல ஒப்பிப்பாள். அதனால் முகத்தை மட்டும் படம் பிடித்துவிட்டு, குரலைப் பிறகு ரேணுகாவைப் பேசவைத்துச் சேர்த்தார்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப்பொடி இடிப்பது வரைக்கும் அந்தக் குரல்தான் சொன்னது. பார்க்கிறவர்களுக்கு அது ஈஸ்வரியின் குரல்.

மாதச் சந்தா கட்டும் மெம்பர்களுக்கு ஆளுக்கு ஆள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது வேல்பாண்டியின் யோசனை.

"வீடியோவ எவனும் ஓசியில பாத்துட்டுப் போயிருவான் மதினி. பேரச் சொல்லிக் கூப்புட்டுச் சாப்டியான்னு கேட்டோம்னு வையிங்க, அப்புறம் விட்டுட்டுப் போக மாட்டான். பிறந்தநாளு, கல்யாண நாளு, பிள்ளைக்குப் பரீட்சை, எதையும் விடக் கூடாது. யாரு எழுதினாலும் பத்து நிமிசத்துல பதில் போயிரணும்."

யாரும் விட்டுப் போகவில்லை. மூன்று வருஷத்தில் நானூறு மெம்பர்கள் சேர்ந்தார்கள். சேனலைப் பார்க்க வந்தவர்கள் அந்தக் குரலுக்காகத் தங்கினார்கள்.

கழனிவாசலில் இருந்த அந்த வீட்டின் பின்கட்டில், நெல் மூட்டை அடுக்கும் அறையில் உட்கார்ந்துதான் ரேணுகா பேசுவாள். மூட்டைகள் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். மின்விசிறி சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிடுவார்கள். வேர்த்து ஒழுக, மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பேசுவாள். 'அபி, மஸ்கட். மாமியாரோடு பேச்சு இல்லை, அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.' 'செம்மலை, ஓசூர். மகள் பத்தாம் வகுப்பு, கணக்கு வராது.' 'தேனம்மை, தேவகோட்டை. அப்பா தவறி இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை.' அந்த வீட்டில் ஒரு நாளில் அவளோடு பேசப்படும் வார்த்தைகளை எண்ணிவிடலாம். அவள் பேசுவதெல்லாம் இந்தக் கைபேசியோடுதான். பதிலும் வரும். 'தேங்க்ஸ் ஈஸ்வரியக்கா', 'லவ் யூ ஈஸ்வரியக்கா.' எத்தனை பாசம் வந்தாலும் அது வேறு முகவரிக்கு வந்த கடிதம்தான். பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

காலையில் வேல்பாண்டி வெளியே கிளம்பும்போது, "மதினி, கொஞ்சம் உள்ள இருங்க," என்பான். அவள் உள்ளே போவாள். வண்டி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை, ஓசூரில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் யாருக்கோ, "நல்லபடியாப் போயிட்டு வா ராசா, வேலை ஒனக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வேலை கிடைத்ததும் அவர்கள் ஈஸ்வரிக்குப் புடவை அனுப்புவார்கள்.

மீனு மட்டும் வேறு மாதிரி. தாய் தகப்பன் இல்லாதவள், வேறு சாதியில் கட்டிக்கொண்டவள். வாந்தி எடுத்தால் எழுதுவாள். மாங்காய் தின்னலாமா என்று எழுதுவாள். முதன்முதலாகப் பிள்ளை அசைந்தபோது, புருஷனுக்குச் சொல்வதற்கு முன்பு இங்கேதான் குரல் பதிந்து அனுப்பினாள். அன்று ரேணுகா நெல் மூட்டையில் சாய்ந்து தன் வயிற்றில் கை வைத்தபடி அதை நாலு தடவை கேட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால், மளிகை வாங்கப் போனவள் ஒரு வளையல் கடையில் ஏறினாள். நாலு வருஷத்துக்குப் பிறகு.

"யாருக்கும்மா, அளவு என்ன?"

"எம் பொண்ணுக்கு. மாசமா இருக்கா. கொஞ்சம் தாராளமாக் குடுங்க."

பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு. தாளில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கூடத்துக்குப் போகப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒன்றாவது அந்தக் கையில் ஏறாதா, யார் போட்டாலும் இதில் ஒன்றை எடுத்துப் போட மாட்டார்களா என்றுதான் நினைத்தாள். வீட்டுக்கு வந்து ஈஸ்வரியிடம் நீட்டினாள்.

ஈஸ்வரி கையை நீட்டவில்லை. "தட்டுல நெறைய இருக்குக்கா. இது எதுக்கு? நாளைக்கு ஒண்ணுன்னா எம் மேலதான பழி வரும்," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

அந்த நாளும் வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பத்து மெம்பர்களையும் வேல்பாண்டி வரவழைத்திருந்தான். கூடத்தில் நாற்காலி, வாழைமரம், ஐந்து வகைச் சோறு, மூன்று கேமரா. ஈஸ்வரி கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள்.

"எங்கப்பச்சி போனப்ப இவுகதான் எனக்கு ஆறுதலு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள் தேனம்மை. "நேர்ல ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன். தொண்டை கட்டிக்கிருச்சாம். எம் ராசி அப்படி."

நெல் அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேணுகா மெம்பர் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். விசேஷ நாளானாலும் பதில் நிற்கக் கூடாது என்பது வேல்பாண்டியின் உத்தரவு. கதவுக்கு அந்தப் பக்கம் மீனுவின் குரலை முதல்முறையாகக் கருவி இல்லாமல் கேட்டாள். நினைத்ததைவிட மெல்லிய குரல்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

ஈஸ்வரி தொண்டையைத் தொட்டுக் காட்டியிருக்க வேண்டும். கூடத்தில் சிரிப்புச் சத்தம். "விடு தாயி, அக்கா கண்ணாலயே பேசுறாக," என்றார் யாரோ.

சற்று நேரத்தில் ரேணுகாவின் கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. மீனு எழுதியிருந்தாள்.

'நீங்க எதிர்ல நிக்கிறீங்க அக்கா. ஆனா நீங்க இல்லாத மாதிரியே இருக்கு. தப்பா நினைக்காதீங்க. அம்மா ஞாபகம் வந்துடுச்சு.'

பதில் அனுப்பினால் என்ன ஆகும் என்று ரேணுகாவுக்குத் தெரியும். அனுப்பாவிட்டால் அந்தப் பெண் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும். பத்து நிமிஷம் வரை அவள் காத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

"மீனு, நிமிந்து உக்காரு. வயித்துல கைய வையி. உள்ள இருக்குறது எல்லாத்தையும் கேக்கும், அழுகக் கூடாது. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

மீனு தட்டியதும் கூடத்தில் அது உரக்க ஒலித்தது. இரண்டு கையிலும் சந்தனத்தோடு நின்ற ஈஸ்வரியின் முகம் வெளுத்தது.

"அடி ஆத்தி," என்றாள் தேனம்மை. "இது எனக்குப் பேசுன குரல்ல? இவுகளுக்குத் தொண்டை கட்டியிருக்கே!"

"ரெக்கார்டு ஆன்ட்டி, முன்னாடியே பேசி வச்சது," என்று வேல்பாண்டி ஓடிவந்தான்.

"நான் இப்பத்தான எழுதினேன்?" என்றாள் மீனு.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செய்தியைத் திரும்ப ஓடவிட்டாள். 'பக்கத்துலதான் இருக்கேன்.' கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். சாத்தியிருந்த கதவு ஒன்றுதான். நேராக நடந்து போய் அதைத் தள்ளினாள்.

நெல் மூட்டைகளுக்கு நடுவே ரேணுகா நின்றிருந்தாள். வெறும் நெற்றி. வெறும் கழுத்து. கையில் தாள் பிரித்த இரண்டு பச்சை வளையல்.

"நீங்களா அக்கா?"

"நாந்தான் கண்ணு."

மீனுவின் முகம் மலரத் தொடங்கியது. அவள் பார்வை ரேணுகாவின் நெற்றிக்குப் போனது. அந்த ஒரு கணத்தில் அவள் இரண்டு கையும் வயிற்றை மூடிக்கொண்டன. அவள் நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை.

"வெளிய வா மீனு," என்று பின்னாலிருந்து புருஷனின் அத்தை கத்தினாள். "மொத வளையலு. தாலி அறுத்தவ கையாலயா?"

மீனு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் வெளியே போகவில்லை. வலது கையை மெல்ல எடுத்து ரேணுகாவின் பக்கம் நீட்டினாள். கண்களை இறுக மூடியிருந்தாள், ஊசிக்குக் கை நீட்டும் குழந்தைபோல.

ரேணுகா வளையலை அந்த விரல் நுனிவரை கொண்டுபோனாள். அங்கே நிறுத்தினாள்.

"கண்ணத் தொற தாயி. என்னயப் பாத்து நீட்டு. போட்டு விடுறேன்."

மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து நீர் வழிந்தது. மீனு எவ்வளவோ முயன்றாள். கண் திறக்கவில்லை.

ரேணுகா நீண்டிருந்த கையைப் பிடித்து, மெதுவாக அவள் வயிற்றின் மேலேயே திருப்பி வைத்தாள். "போயி உக்காரு. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது," என்றாள். அத்தை வந்து அழைத்துப் போனாள்.

வேல்பாண்டி உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"மானத்த வாங்கிட்டீக. சரி, போகட்டும். எல்லா மெம்பருக்கும் ஒரே மெசேஜாப் போடுங்க. ஈஸ்வரி காலையில பேசி வச்சது, ஆபீஸ் பொண்ணு தப்பா அனுப்பிருச்சுன்னு. ஈஸ்வரியாவே பேசுங்க. அழுகாமப் பேசுங்க மதினி, கொரல் கம்மக் கூடாது."

ரேணுகா அழவில்லை. வளையல்களை நெல் மூட்டையின் மேல் வைத்தாள். நானூறு பேரையும் தேர்ந்தெடுத்தாள். கைபேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"நான் ரேணுகா. ஈஸ்வரியோட ஓர்ப்படியா. மூணு வருசமா ஒங்ககிட்டப் பேசுனது நாந்தான். எம் புருசன் செத்து நாலு வருசமாச்சு. எவ்வளவோ கல்யாண நாளுக்கும் பிள்ளைப் பேறுக்கும் நான் வாழ்த்திருக்கேன். ஒருத்தருக்கும் ஒரு குறையும் வந்ததா நீங்க சொல்லல. என் வாழ்த்து ஆகாதுன்னு நெனைக்கிறவுக, பழசெல்லாம் இப்பவே அழிச்சிருங்க. வேணுங்கிறவுக என்னய எம் பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

"மதினி!" வேல்பாண்டி கைபேசியைப் பறித்தான். அதற்குள் அவள் விரலை எடுத்துவிட்டிருந்தாள். செய்தி போய்விட்டது.

கூடத்தில் ஒரு கைபேசி ஒலித்தது. பிறகு இரண்டு. பிறகு மொத்தமாக. யாரோ அதைத் தட்டியிருக்க வேண்டும். 'நான் ரேணுகா' என்றது குரல். முடிவதற்குள் கூடத்தின் இன்னொரு மூலையிலிருந்து, 'நான் ரேணுகா.' வாசல் பக்கமிருந்து இன்னொன்று. நாற்காலிப் பக்கமிருந்து, தயங்கி, இன்னொன்று.

வேல்பாண்டி கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்தபடி, திறக்கவும் முடியாமல் நின்றான்.

"நகந்துக்கங்க தம்பி," என்றாள் ரேணுகா. "நான் வெளிய வரணும்."