சின்ன எல்லும் ஓர் எச்சும்

தாய்மொழிக்கு ஆதிமூலம் வைத்திருந்த விலை மணிக்கு ஐந்து ரூபாய். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி இரண்டாவது சந்து முனையில் இருந்த தன் நெட் சென்டர் வாசலில் அதைப் பலகையாகவே எழுதி மாட்டியிருந்தார்: 'இன்டர்நெட் ஒரு மணி நேரம் ரூ.20. தமிழில் டைப் செய்ய ரூ.25.' நியாயம் கேட்க வந்தவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார். "இங்கிலீஷ் தானா வருதுங்க. தமிழுக்கு ரெண்டு கீ ஜாஸ்தி அமுக்கணும்."

அதில் பொய்யில்லை. ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்கினால் திரையின் கீழ் மூலையில் 'இ.என்.' என்றிருப்பது 'டி.ஏ.' என்று மாறும். அதற்கப்புறம் அதே கட்டைகளைத் தட்டினால் தமிழ் விழும். இரண்டு விரலை ஒரு தடவை வைத்து எடுப்பதற்கு ஐந்து ரூபாய் தரும் தொழில் வேறு எதுவும் ஊரில் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

ஆதிமூலம் நிலக்கடலை மண்டிக் குடும்பம். துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுகிற வீட்டில் பிறந்தவர். ஒரு விரலுக்கு நூறா ஆயிரமா என்பதைக் கண் சொல்லும். நெட் சென்டர் அவருக்குச் சோறு என்றால், நிலத் தரகு அதன்மேல் ஊற்றிக்கொள்ளும் குழம்பு. இரண்டாயிரத்து நாலாம் வருஷம், கிரிவலப் பாதையை ஒட்டிய நிலமெல்லாம் சென்னைக்காரர் கண்ணில் பட ஆரம்பித்திருந்த நேரம். குழம்பு கெட்டியாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சடையன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கிரிவலப் பாதையில் கிணற்றோடு நாற்பது சென்ட் வைத்திருக்கும் விவசாயி. வேறு நிலம் இல்லை. சென்ட் பதினைந்தாயிரம் என்று ஆறு லட்சத்துக்குச் சென்னைப் பார்ட்டி ஒன்றை ஆதிமூலம் பிடித்துக் கொடுத்திருந்தார். பார்ட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் பணப்பையோடு காத்திருந்தது. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அட்வான்ஸ் கை மாறாவிட்டால் வேறு இடம் பார்க்கப் போய்விடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தது. மாறினால் ஆதிமூலத்துக்கு இரண்டு பர்சென்ட், பன்னிரண்டாயிரம்.

சடையனுக்குச் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. "பையன் சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பையன் அருண்பிரசாத் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. போனில் பேசினால் அப்பனுக்கும் மகனுக்கும் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்துவிடும். போன் கார்டுக் காசு மொத்தமும் சண்டைக்கே போகிறது என்பதால், யோசித்து வியாழக்கிழமை ராத்திரி மெயில் போடுகிறேன், காலையில் ஆதிமூலம் கடையில் பார்த்துக்கொள் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

மெயில் வந்திருந்தது. ஆதிமூலம் அதைத் திறந்தார். திறந்த வேகத்தில் முகம் சுருங்கியது.

"என்னா தம்பி, என்னா எழுதிக்கீறான்?"

"இருங்க பெரியவரே. எம்மு, ஜீ, ஒரு அரைப்புள்ளி, மறுபடி ஜீ, எச்சு. எம்.ஜி. ரோடுன்னு என்னமோ வருது."

"அது எங்க இருக்குது?"

"அதான் எனக்கும் தெரியல."

பத்து வரிக்கு இதே கதை. இங்கிலீஷ் எழுத்துகள், ஆனால் இங்கிலீஷ் இல்லை. கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரைக்கூட ஆதிமூலம் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

மொழியை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஆதிமூலத்துக்குத் தோன்றியது. ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் அமுக்கினார். மூலையில் டி.ஏ. வந்தது. கடிதம் அப்படியே நின்றது. திரும்ப அமுக்கினார். இ.என். வந்தது. கடிதத்துக்கு எந்தக் கவலையும் இல்லை. இனி அடிக்கப்போவதைத்தான் அந்தக் கட்டை மாற்றும், அடித்து முடித்ததை மாற்றாது என்ற விஷயம், மூன்று வருஷமாக மணிக்கு ஐந்து ரூபாய் வாங்கியவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிங்கப்பூருக்குப் போன் போட்டால், விடுதிக்காரன் எடுத்து, ஆள் வேலைக்குப் போய்விட்டான், சாயந்தரம் வருவான் என்று வைத்துவிட்டான். மணி ஒன்பதரை. லாட்ஜிலிருந்து ஒரு போன் வந்தது. "இதோ வந்துட்டோம்ங்க" என்று ஆதிமூலம் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ரேணுகாம்பாள் வந்தாள். கடையில் டைப் வேலைக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு சம்பளத்துக்கு இருப்பவள். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற மனுவெல்லாம் அவள் கையால்தான் போகும். அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவள். அருண்பிரசாத்தும் அவளிடம்தான் தமிழ் லோயர் பாஸ் செய்திருந்தான்.

"டீச்சரம்மா, எம் பையனுக்கு என்னா ஆச்சு பாரு" என்றார் சடையன், பையனுக்கே ஜுரம் வந்தது போல.

ரேணுகாம்பாள் திரையைப் பார்த்தாள். பையை இறக்கி வைத்தாள். இன்னொரு தடவை பார்த்தபோது மேஜைமேல் அவள் விரல்கள் லேசாக அசைந்தன. சிரித்துவிட்டாள்.

"பையனுக்கு ஒண்ணும் ஆகலங்க. மொழிய மாத்தாமலே அடிச்சிட்டான்."

"பத்து வரியுமா? கண்ணு தெரியாதா அவனுக்கு?" என்றார் ஆதிமூலம்.

"கண்ணு தாள் மேல இருக்கும்ணா. பேப்பர்ல எழுதி வெச்சிக்கினு பாத்து அடிச்சிருப்பான். கட்டையயும் பாக்கக் கூடாது, அடிச்சதயும் பாக்கக் கூடாது, தாளை மட்டும் பாருன்னு துண்டு போட்டு மூடி அடிக்க வெச்சதே நான்தான். நிமிந்தா ஸ்கேல்ல ஒண்ணு போடுவேன். அப்புறம் எப்படி நிமிருவான்?"

"இப்ப இதப் படிக்க முடியுமா முடியாதா?"

"விரலு தமிழுக்குத்தான் போயிருக்குது. திரைதான் இங்கிலீஷ்ல காட்டிக்கினு இருக்குது. எம்மு இருக்கிற கட்டையில அ. ஜீயில ப. அரைப்புள்ளியில புள்ளி. எச்சுல துணைக்கால். எம், ஜீ, புள்ளி, ஜீ, எச்சு. அப்பா."

"அப்பான்னா போட்டுக்கீறான்!" என்று சடையன் எழுந்து நின்றார்.

"பிரிண்ட் ஒண்ணு எடுத்துக் குடுங்கண்ணா. பக்கத்துல வெச்சிக்கினு, தமிழ மாத்திட்டு, இதே கட்டைங்கள அப்படியே அடிச்சா தன்னால தமிழா வந்துரும். பெரியவரு அவரே படிச்சுக்கலாம்."

பிரிண்டர் இழுத்து இழுத்துத் தாளைத் துப்பியது. அதற்குள் ஆதிமூலம் எதிர்க்கடையில் மூன்று டீ சொன்னார். தரகர் டீ வாங்கிக் கொடுக்கிறார் என்றால் எதற்கென்று ஊருக்கே தெரியும். சடையனுக்கும் தெரியும். ஆனாலும் டீ டீதான் என்று வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்.

ரேணுகாம்பாள் தாளைக் கையில் எடுத்தாள். மனதுக்குள் படித்தாள். இரண்டாவது வரியில் அவள் விரல் நின்றது. கண் ஒரு தடவை ஆதிமூலத்தின் பக்கம் போய்த் திரும்பியது. மண்டியில் வளர்ந்தவருக்கு அந்த ஒரு பார்வை போதும், விலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிய.

"என்னா போட்டிருக்கான்?" என்று குரலைத் தாழ்த்தினார்.

"விற்க வேண்டாம்னு."

"சரியா பாரு. வேண்டும்னு இருக்கப்போவுது. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான்."

"மாதிரிதான். ஷிஃப்ட்டோட எல்லு அடிச்சா டு. அப்ப வேண்டும். சின்ன எல்லு அடிச்சு ஒரு எச்சு போட்டா டா. அப்ப வேண்டாம். இங்க சின்ன எல்லுதான் இருக்குது."

"அவசரத்துல ஷிஃப்ட்டு சரியா அமுங்கியிருக்காது. ராத்திரி தூங்கப் போற நேரம்."

"ஷிஃப்ட்டு அமுங்கலன்னா எல்லு சின்னதாவும்ணா. ஆனா எச்சு எங்கேர்ந்து வரும்? அது தானா வந்து குந்திக்கினு இருக்காது."

ஆதிமூலம் திரும்பிப் பார்த்தார். சடையன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மணி ஒன்பது ஐம்பது. துண்டு இல்லை, அதனால் மேஜைக்கு அடியில் கையை நீட்டி ஐந்து விரலைக் காட்டினார். கண்ணால் நூறு என்றார். ஒரு ஷிஃப்ட்டைச் சேர்த்து அமுக்கி, ஓர் எச்சை விட்டுவிட்டால் ஐந்நூறு.

ரேணுகாம்பாள் தாளைக் கீபோர்டின் இடது பக்கம் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரை அதன் தலையில் வைத்தாள்.

கம்மி என்று நினைக்கிறாள் போல என்று ஆதிமூலம் இரண்டு கையையும் விரித்தார். ஆயிரம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவர் ஒரு கையை மூடித் திறந்தார். ஆயிரத்து ஐந்நூறு, அவளுடைய ஒரு மாதச் சம்பளம். அவள் ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் அமுக்கினாள். மூலையில் டி.ஏ. வந்தது. இரண்டு கையையும் இரண்டு தடவை விரித்தார்.

எதிராளி ஒரு வார்த்தை பேசாமலிருக்க, தன் விலையைத் தானே மூன்று தடவை ஏற்றிய வியாபாரி அவர் பரம்பரையில் கிடையாது. அது அவருக்கே உறைத்தபோது கை மேஜைக்கு அடியிலேயே இருந்தது.

"ஏண்ணா," என்றாள் ரேணுகாம்பாள், சடையனுக்குக் கேட்காத குரலில். "ஒரு எழுத்துக்கே ரெண்டாயிரம் போவுதுன்னா, அந்த நெலம் என்னா வெலைக்குப் போவணும்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "பெரியவரே, டீயோட இங்க வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

சடையன் வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். ரேணுகாம்பாளின் கண் தாளைவிட்டு எழவில்லை. கட்டைகள் ஒரே சீராகச் சடசடத்தன. திரையில் தமிழ் விழ விழ, அஞ்சாம் கிளாஸ் படித்த சடையன் எழுத்துக் கூட்டி வாசித்தார். பஸ் போர்டு படிப்பது போல, ஒவ்வொரு வார்த்தை முடிந்ததும் அடுத்தது வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.

"அப்...பா. நி...லத்...தை. விற்...க. வே...ண்..."

அந்த இடத்தில் ஆதிமூலம், ஊரில் இருக்கிற எட்டு லிங்கத்தையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார். விரல் பிசகுவது மனித இயற்கைதானே, ஹையர் பாஸ் செய்தவளுக்கும் வயசு நாற்பது ஆகிறதல்லவா என்றெல்லாம் ஒரு நப்பாசை.

"...டாம். வேண்டாம்!" என்றார் சடையன். "வேண்டாம்னுட்டான்."

"மேல படிங்க பெரியவரே" என்றாள் ரேணுகாம்பாள், நிறுத்தாமல் அடித்தபடி.

"தை மாசம் நான் வருவேன். அதுவரை யாருக்கும் கையெழுத்து போட வேண்டாம். நம்ம பக்கம் சென்ட் முப்பதாயிரம் போகிறது என்று இங்கே இருக்கிற ஊர்ப் பையன் சொல்கிறான். புரோக்கர் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துக்கொள்ளவும்." சடையன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். ஆதிமூலத்தைப் பார்த்தார். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வரியை முடித்தார். "கையெழுத்து மட்டும் வேண்டாம்."

ஆதிமூலம் அப்போதுதான் கையை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார்.

"நல்ல பையன்" என்றார் ஆதிமூலம். வேறு எதுவும் சொல்ல வராதபோது வியாபாரி சரக்கைப் பாராட்டி வைக்க வேண்டும்.

"முப்பதாயிரமாமே தம்பி?"

"அது ரோட்டு முகப்பு நெலத்துக்கு."

"என்துக்கு முகப்பு எங்க இருக்குது? சேத்துலயா?"

ரேணுகாம்பாள் திரையைப் பார்த்தபடி இருமினாள். இருமல் கொஞ்சம் நீளமாக இருந்தது.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு லாட்ஜுக்குப் போன் போட்டு, பார்ட்டியை வேறு இடம் பார்க்கச் சொன்னார் ஆதிமூலம். பார்ட்டி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பதினைந்து நிமிஷத்தில் பெங்களூர் ரோடு பக்கம் வேறொரு தரகரோடு அதைப் பார்த்ததாக ஆட்டோக்காரன் ஒருத்தன் பிற்பாடு சொன்னான்.

சடையன் மகனுக்குப் பதில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ரேணுகாம்பாள் அடித்தாள். நிலம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கடைசியில் அவர் யோசித்து, "அடுத்த தபா தலய நிமித்திப் பாத்து அடிடான்னு போடும்மா" என்றார்.

"அதப் போட மாட்டேன்" என்றாள் ரேணுகாம்பாள். "நிமிராம பழகினதாலதான் ஒரு எழுத்துகூடத் தப்பா அடிக்கல. மொழிய மட்டும் மொதல்ல பாத்துக்கோன்னு போடறேன்."

"சரி, டீச்சரு நீ. போடு."

சடையன் மடியிலிருந்து மூன்று பத்து ரூபாய்த் தாளை எடுத்து, ஒவ்வொன்றாக நீவி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பத்தரை அடித்து ராகு காலம் ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்கக் கூடாது என்பதால் ஆதிமூலம் கணக்கு நோட்டை எடுத்தார்.

ரேணுகாம்பாள் அடுத்த மனுவை எடுத்து வைத்துக்கொண்டாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் ஆதிமூலத்தை அரித்தது. அவள் திட்டியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். இந்த விஷயம் அவள் வாயிலிருந்து டீக்கடைக்குப் போனால், டீக்கடையிலிருந்து மூன்று ஊருக்குப் போகும். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் எவனும் அவரை நம்பிப் பத்திரத்தைக் காட்ட மாட்டான். பேசாதவளிடம் விலை கேட்கவும் வழியில்லை. ஏற்கெனவே ஒரு தடவை கேட்டாகிவிட்டது.

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினார். ரேணுகாம்பாள் தண்ணீர் குடிக்க எழுந்தவள், நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஷிஃப்ட்டுப் படி இருநூறா? எதுக்குண்ணா? அந்த எல்லுக்கு நான் ஷிஃப்ட்டு அமுக்கவே இல்லயே."

"அமுக்காததுக்குத்தான்மா."

"மாசா மாசமா?"

ஆதிமூலம் அவளை நிமிர்ந்து பார்த்தார். இவளைப் போய் ஐந்து விரலில் ஆரம்பித்தோமே என்றிருந்தது.

"மாசா மாசம்" என்றார்.

அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். அவர் கோடு போட்டுக் கூட்டினார். வரவு: தமிழோடு ஒரு மணி நேரம் இருபத்தைந்து, பிரிண்ட் ஒன்று ஐந்து, ஆக முப்பது. செலவு: டீ மூன்று ஆறு ரூபாய், ஷிஃப்ட்டுப் படி இருநூறு, ஆக இருநூற்று ஆறு. துண்டு விழுந்தது நூற்று எழுபத்தாறு ரூபாய்.