தலைமாட்டில் இடம்

"ஊசியைப் போட்டுடுங்க சிஸ்டர், அம்மா துடிக்கிறாங்க..."

"போடாதீங்க! வேண்டாம்னு தலையாட்டுறாங்க, உனக்குக் கண்ணு தெரியலையா க்ளிஃபர்ட்?"

"வலியில ஆட்டுறாங்கடி!"

"பயத்துல ஆட்டுறாங்க!"

ஊசியும் கையுமாக நின்ற நர்ஸ் அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "நோகாம தூங்க வைக்கிற மருந்து இது. உங்கம்மாவுக்குத் தெரியாததா? ஊருக்கே மயக்கம் குடுத்தவங்க."

தங்கை மாரீனுக்குப் புரியாததும் அதுதான். போரில் இங்கிலாந்தின் ஹல் நகரத்தின் மேல் குண்டு விழுந்த வருஷங்களில், ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க எத்தனையோ பேர் முகத்தில் ஈதர் முகமூடியை வைத்த அம்மா, டாக்டர் எடித் ஹாலம், இன்று ஓர் ஊசியைக் கண்டு கன்றுக்குட்டியைப் போல மிரள்கிறாள்.

எடித்தின் கை தலைக்குப் பின்னால் போய், கட்டிலை ஒட்டியிருந்த சுவரைத் தட்டியது. "சுவத்தை... நகத்துங்க."

"நேத்துலேர்ந்து இதே பாட்டு," என்றான் க்ளிஃபர்ட். "கொத்தனாரைத்தான் கூப்பிடணும்."

மாரீன் சிரிக்கவில்லை. அம்மா சாப்பாட்டு மேஜையில் ஒரு கதை சொல்வாள். ஆபரேஷன் நடுவில் குண்டு விழ, சர்ஜனும் நர்சுகளும் மேஜைக்கடியில் புகுந்துகொண்டார்கள். 'தலைமாட்டுல உக்காந்து தாடையைத் தூக்கிப் பிடிச்சிருக்கிற நான் எப்படிடி குனியறது? கையை விட்டா மயக்கத்துல கிடக்கிறவனுக்கு நாக்கு உள்ள விழுந்து மூச்சு நின்னுடுமே. கூரை உதிர்ந்து பல்லெல்லாம் சுண்ணாம்பு எனக்கு.'

சுவரை ஒட்டிய கட்டிலில், தலைமாட்டில் ஆள் உட்கார இடமில்லை.

"கட்டிலைப் பிடி க்ளிஃபர்ட். இழு!"

"உனக்குமா பைத்தியம்..."

"இழுடா!"

தரை கீச்சிட்டது. மாரீன் அடுப்படி முக்காலியைக் கொண்டுவந்து அந்த இடுக்கில் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் தாடைக்கடியில் விரல்களைக் கொடுத்தாள். கழுத்து நாடி குருவிக்குஞ்சாய்த் துடித்தது.

"நான் தப்பாப் பிடிச்சு ஏதாவது ஆயிட்டா சிஸ்டர்?"

"ஒண்ணும் ஆகாது கண்ணு." நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் பார்த்துச் சொன்னாள்.

தலைகீழாகத் தெரிந்த அம்மாவின் கண்கள் மாரீனைத் தேடிப் பிடித்தன. "எந்திரிச்சுப் போயிட மாட்டியே?"

"மாட்டேன்மா."

எடித் தானே கையை நீட்டினாள். ஊசி இறங்கியது.

மயக்கம் கொடுக்கும்போது அம்மா எல்லோருக்கும் சொன்னதையே மாரீன் சொன்னாள். "எண்ணுங்கம்மா."

"ஒண்ணு." வெகுநேரம் கழித்து, "ரெண்டு."

கணப்பில் கரி சரிந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊத, அந்தக் காலத்துச் சைரன் என்று மாரீனின் உடம்பு தூக்கிப்போட்டது. விரல்கள் மட்டும் அசையவில்லை. ஐந்து வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. ஆறுக்கு வெறும் உதடு.

பிறகு விரலடியில் நாடி ஒரு தரம் தவறியது. தேடினாள். விரலை நகர்த்தித் தேடினாள். நர்ஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கணப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

க்ளிஃபர்ட் அருகே வந்து அவள் தோளைத் தொட்டான். "மாரீன். கையை எடும்மா."

அவள் தாடையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தாள்.

"ஏழும்மா. ஏழு சொல்லுங்க."