அந்தோணிமேரி வாபஸ் வாங்காத மன்றாட்டு

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் மாதம், வடக்குப்பட்டுக்கு மேற்கே ஏரிக்கரையோரம் இருந்த சின்ன மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை கண்ட அத்தனை பேரும், ஒருத்தியைத் தவிர, ஒரு பாகிஸ்தான் சிப்பாய்க்காக ஜெபம் செய்துவிட்டார்கள். தெரிந்து செய்தவள் அந்தோணிமேரி மட்டும்தான். மற்றவர்கள் பழக்கதோஷத்தில் செய்தார்கள்.

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து சில வருஷமே ஆகியிருந்தது. பிரசங்கம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் முன்னால் போய்த் தன் குறையை வாய்விட்டுச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் ஜனங்கள் மொத்தமும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் ஒருவர் ஜெபம் எல்லாருடைய ஜெபமும் ஆகும் என்று பங்குச் சாமியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒருத்தி பசுமாட்டுக்கு மடிநோவு என்பாள், ஒருத்தன் மருமகன் குடிக்கிறான் என்பான். எதைச் சொன்னாலும் கோயில் முழங்கும். காதில் வாங்கிக்கொண்டா முழங்குகிறது? "உன்னை மன்றாடுகிறோம்" என்று ஒரு குரல் இழுத்து முடித்தால் போதும், இங்கே வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

சண்டை மூண்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தோணிமேரியின் ஒரே மகன் தாவீது பட்டாளத்தில், மேற்கு எல்லையில் இருந்தான். புருஷன் செத்தபிறகு நாற்று நட்டும் களை எடுத்தும் அவள் வளர்த்த பிள்ளை. போன மாதம் அவன் எழுதிய கடிதத்தை மருமகள் கிளாரா படித்துக் காட்டினாள். அதில் ஊர் விசாரிப்பெல்லாம் முடிந்து கடைசியில் ஒரு சங்கதி இருந்தது. இவன் காவல் நிற்கிற இடத்துக்கு எதிரே, அந்தப் பக்கத்தில், ஒரு பாகிஸ்தான்காரப் பையன் தினம் காலையில் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே இவனைப் பார்த்துக் கையாட்டுவானாம். இவனும் ஆட்டுவானாம். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தோணிமேரிக்கு அந்தப் பையன் மனசைவிட்டுப் போகவில்லை. வேப்பங்குச்சியால் பல் விளக்குகிறவனுக்கு வீட்டில் ஒரு ஆத்தாள் இல்லாமலா இருப்பாள்?

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"ஆண்டவரே, எம்மவன் தாவீது எல்லையில கீறான். அவனையும் அவன்கூட நிக்கிற புள்ளைங்களையும் காப்பாத்து. அவனுக்கு எதிர்க்க, அந்தாண்ட பல்லு வெளக்கினு நிக்கிறானே பாகிஸ்தான்காரப் புள்ள, அவனையும் காப்பாத்து. அவன் பேரு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவனும் உசுரோட அவங்க ஆத்தாகிட்ட போய்ச் சேரணும்னு உன்னை மன்றாடுறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

கோயில் நாட்டாமை யாகப்பன் குரல்தான் எல்லாக் குரலுக்கும் மேலே நின்றது. சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறக்காதவள் கிளாரா ஒருத்திதான். புருஷன் பேர் காதில் விழுந்ததால் அவள் மட்டும் கவனித்துக் கேட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். "எம்புருஷனைச் சுடறதுக்குன்னு நிக்கிறவனுக்கு ஜெபமா அத்தே? அப்போ அவன் குறி தப்பக்கூடாதுன்னும் சேத்துக் கேட்டுக்கினு வந்திருக்கலாமே!"

"ரெண்டு பேரு குறியும் தப்பட்டும்னுதான்டி கேட்டேன்."

கிளாரா அதற்கப்புறம் மாமியாரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஐந்து மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு சோறு வடிப்பாள், தட்டை நங்கென்று வைப்பாள், போய்விடுவாள். அந்தோணிமேரிக்கு வலித்தது. ஆனாலும் அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டுச் சண்டை வீட்டோடு போயிருந்தால் தேவலை. பூசைக்கு வந்திருந்த ஒரு புண்ணியவான் ஒரகடம் கூட்ரோட்டு டீக்கடையில் இதைச் சிரிப்புச் செய்தியாகச் சொல்லிவைத்தான். பஞ்சாயத்து ரேடியோவில் மூன்று வேளையும் சண்டைச் செய்தி முழங்கிக்கொண்டிருந்த நேரம். ஊரே கொதித்துப்போய் இருந்தது. திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள், மாதா கோயிலில் பாகிஸ்தான் ஜெயிக்கப் பூசை வைத்தார்கள் என்று பேச்சு திரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கோயில் சுவரில் 'தேசத் துரோகிகள்' என்று கரியால் எழுதியிருந்தது. யாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் நாரால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஏட்டு பாண்டுரங்கன் சைக்கிளில் வந்து இறங்கினார். அந்தோணிமேரியைக் களத்துமேட்டிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள்.

"இன்னாம்மா, பாகிஸ்தானுக்கு ஜெபம் பண்ணியாமே?"

"பாகிஸ்தானுக்கு இல்ல ஏட்டய்யா. அங்க கீற ஒரு புள்ளைக்கு."

"கூட யார் யார் பண்ணது?"

"கோயிலே பண்ணுச்சி. யாகப்பண்ணன் குரல்தான் எல்லாரையும்விட ஒசத்தியா கேட்டுது."

யாகப்பன் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயோ, சத்தியமா நான் கவனிக்கல ஏட்டய்யா! எப்பவும் சொல்றாப்பல சொல்லிட்டேன்!"

"கவனிக்காமயா சாமி கும்புடுவீங்க?" ஏட்டு நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். யாகப்பன் தேங்காய் நாரைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

ஏட்டு கெட்டவர் அல்ல. மேலேயிருந்து வந்த உத்தரவைச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து நிற்பார். அந்தோணிமேரி அதே இடத்தில் நின்று, போன வாரம் நான் கேட்டது தப்பு, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ஜனங்கள் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், இந்தப் பட்டாளத்துக்காரனின் தாய் எதிரிக்குப் பரிந்து பேசுகிறாள் என்று இன்ஸ்பெக்டர் அவன் ரெஜிமெண்டுக்கே எழுதிப் போட்டுவிடுவார். "புள்ளையோட வேலை இன்னா ஆவும்னு யோசிச்சிக்கோம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் யாகப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏற்கெனவே நம்மள வெள்ளைக்காரன் மதம், வெள்ளைக்காரன் மதம்ன்றானுங்க. இப்போ பாகிஸ்தான்காரனும் ஆயிட்டோம். நம்ம புள்ளைங்க நாளைக்கு வேலை வெட்டின்னு எங்க போய் நிக்கும்? உனக்குப் புண்ணியமாப் போவும், ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"ஏண்ணே, நான் இன்னா அரசாங்கத்துக்கு எதிரியா? அவங்க புள்ளைய கேட்டாங்க, குடுத்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல நானே ரயிலேத்தி வுட்டேன். வவுறு எரிஞ்சிது, ஆனா வுட்டேன். அதுக்கு மேல ஆண்டவன்கிட்ட இன்னா கேக்கணும், இன்னா கேக்கக்கூடாதுன்னும் அவங்கதான் சொல்லுவாங்களா? அதுல அவங்களுக்கு இன்னா வேலை?"

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளே அடித்துக்கொண்டது. தான் பேசிய பேச்சுக்கு அங்கே மகன் தலைகுனிந்து நிற்பதா? சண்டை நடக்கிற இடத்தில் அவனைச் சந்தேகப்பட்டுப் பார்த்தால்? வெள்ளிக்கிழமை மத்தியானம் களை எடுத்துக்கொண்டே "நான் கேட்டது தப்பு" என்று சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை பாதியிலேயே நின்றது. மறுபடி சொல்லிப் பார்த்தாள், வந்தது. சரி, ஆண்டவன் என்ன, தாய் மனசு தெரியாதவனா, பிள்ளைக்காகச் சொல்லித் தொலைக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவு அவளுக்குக் கசந்தது.

சனிக்கிழமை காலையில் தந்தி வந்தது. தாவீது சண்டையில் செத்துப்போனான்.

ஊர் முழுக்க அந்தச் சின்ன வாசலில் திரண்டுவிட்டது. இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்றில்லாமல் எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சுவரில் கரி பூசியவனும் அந்தக் கூட்டத்தில் நின்று அழுதிருப்பான், யார் கண்டது. ஏட்டு பாண்டுரங்கன் தாவீதின் படத்துக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். அடக்கம் செய்ய உடம்புகூட வராது என்றார்கள். அந்தோணிமேரி சுவரில் சாய்ந்து, தந்திக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாகப்பன் பக்கத்தில் வந்து குந்தினார். கண் சிவந்திருந்தது. "ஏட்டய்யா சொல்லிட்டாரும்மா. நீ இனிமே வாபஸும் வாங்க வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்கு சும்மா வந்து உக்காந்திரு. எல்லாம் முடிஞ்சிபோச்சு."

ஆமாம், முடிந்துதான் போனது. இனி யார் எழுதிப் போட்டாலும் படித்துவிட்டுத் தலைகுனிய ரெஜிமெண்டில் மகன் இல்லை. அதோடு இன்னொன்றும் அவளுக்குள் எழும்பியது. அந்தப் பல் விளக்குகிறவன் செத்திருக்கட்டும். வேரோடு போகட்டும். அப்படி மெய்யாகவே நினைத்தாள். நினைத்துவிட்டு, நெஞ்சு காந்த உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் கலைந்தபிறகு கிளாரா அவள் பக்கத்தில் வந்து சரிந்தாள். அத்தனை நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு இதுதான். "அத்தே, அந்தப் பல்லு வெளக்கறவனே சுட்டிருந்தா?"

"சுட்டிருந்தாலும் அவங்க ஆத்தா சுடலடி."

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சட்டென்று வந்துவிட்டது. சொன்னபிறகுதான் அந்தோணிமேரி அதை யோசித்தாள். எங்கேயோ ஒரு வாசலில் அவளும் தந்திக்காரன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்க்காத அந்தப் பொம்பளையின் முகம் அவளுக்குத் தன் முகமாகவே தெரிந்தது. கிளாரா அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கொள்ளாத கூட்டம். வாசலுக்கு வெளியேயும் ஜனம் நின்றது. ஏட்டு மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று யாகப்பன் ஒவ்வொருவர் காதிலும் ஓதியிருந்தார்: அந்தோணிமேரி எழுந்து எதையாவது சொன்னால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, பதில் வராவிட்டால் அது கோயில் ஜெபம் ஆகாது, குற்றமும் கோயிலைச் சேராது.

பிரசங்கம் முடிந்தது. அந்தோணிமேரி எழுந்தாள். யாகப்பன் பாதி எழுந்து கையைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை. நேரே போய் அதே இடத்தில் நின்றாள்.

"ஆண்டவரே, எம்மவன் தாவீது உன்கிட்ட வந்துட்டான். அவனைப் பாத்துக்கோ. எதிர்க்க நின்ன அந்தப் பாகிஸ்தான்காரப் புள்ளைய, இருந்தா உசுரோட அவங்க ஆத்தாகிட்ட சேத்துடு. செத்திருந்தா அவனையும் எம்மவன் பக்கத்துல உக்கார வை. நேத்து அவன் சாவணும்னு நான் நெனச்சேன். அது என் ஆத்திரம், அதைக் காதுல வாங்கிக்காத. போன வாரம் கேட்டதைத்தான் இந்த வாரமும் கேக்கறேன். உன்னை மன்றாடுறோம்."

ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பதில் வராமல் பூசை மேலே நகர முடியாது. சாமியார் பீடத்தில் கைகூப்பியபடி நின்றார், அவரும் அசையவில்லை. அந்தோணிமேரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்கள் பக்கம் திரும்பினாள்.

"இன்னா, வாயில கொழுக்கட்டையா? போன வாரம் காதைத் தொறக்காமயே வாயைத் தொறந்தீங்களே! செத்தது எம்புள்ள. கேக்கறது நான். உங்களுக்கு இன்னா நோவுது?"

பெண்கள் பக்கம் பின்வரிசையில் கிளாரா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"ஆண்டவரே... எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அந்தக் கோயிலில் அந்த ஒரு குரல்தான் கேட்டது. சாமியார் தலையசைத்துவிட்டுப் பூசையைத் தொடரப் புத்தகத்தின் பக்கம் திரும்பினார்.

"இருங்க சாமி, இன்னொண்ணு கீது" என்றாள் அந்தோணிமேரி. இந்த முறை வாசற்படியை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்களை ஆளுறவங்களுக்காக. எம்மவனை அவங்களுக்குத்தான் குடுத்தேன், அதைச் சொல்லிக்காட்டல. ஆனா ஒரு தாய் சாமிகிட்ட கேக்கறதுக்கு அவங்க போலீஸ் அனுப்பறாங்க. அவ்ளோ பயம் கீது அவங்களுக்கு. அந்தப் பயத்தை எடுத்துட்டு, கொஞ்சம் தைரியத்தைக் குடுக்கணும்னு உன்னை மன்றாடுறோம்."

அப்புறம் யாகப்பன் எழுந்து நின்றார். ஏட்டைப் பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறந்தார். அவரோடு கோயில் மொத்தமும் எழுந்து சொன்னது. பதில் வார்த்தை தெரியாத வெளியூர் ஜனம்கூட, வாசலுக்கு வெளியே நின்றபடியே, "கேட்டருளும்" என்ற கடைசிச் சொல்லைச் சேர்ந்து சொன்னது. ஏட்டு பாண்டுரங்கன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தொப்பியைப் போடாமலே படியிறங்கிப் போனார்.

அந்தோணிமேரி நடந்து வந்து கிளாராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், தந்தி வந்ததிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது. வாய்விட்டு, மகன் பேரைச் சொல்லி, கூரை அதிர அழுதாள். அவள் அழுது முடிக்கிறவரைக்கும் சாமியார் பூசையைத் தொடராமல் நின்றார்.