வா என்றால் வருகிறாள்

என் பேத்தி சஹானாவுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்றார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். ஆடுகோடிப் பக்கம் ஒரு தெரபி சென்டரில் சேர்த்தோம். அங்கே பிஸ்கட் துண்டைக் காட்டி "வா" என்பார்கள். வந்தால் துண்டு கிடைக்கும். நாயைப் பழக்குகிற மாதிரி இருக்கிறதே என்று எனக்குப் பிடிக்கவே இல்லை. மூன்றாம் மாதம் நான் கூப்பிட்டபோதும் வந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று சென்டர் வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தேன். நிமிர்ந்தால் பிள்ளை இல்லை. தெருவில் இறங்கி ஓடினேன். நாலு கடை தள்ளி, முன்பின் தெரியாத ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"பன்னக் காட்டி வான்னு சும்மா கூப்ட்டேன் பெரியவரே, ஓடி வந்துடுச்சு. நல்ல பாப்பா," என்று சிரித்தான்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"எவன் கூப்ட்டாலும் போறாம்மா இவ!" என்று டீச்சர் பிரபாவிடம் கத்தினேன்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "யார்கிட்ட போகக் கூடாதுன்னு இனிமேதான் தாத்தா சொல்லித் தரணும்."

"அதுக்கு எத்தன மாசம்?"

"சொல்ல முடியாது தாத்தா."

வீடு வரும்வரை பிள்ளையின் மணிக்கட்டை நான் விடவில்லை. வந்து பார்த்தால் என் விரல்கள் பதிந்து சிவந்திருந்தது. வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது.