மூடியில் பதிந்த கட்டைவிரல்

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். டயர்க்காரனுக்குப் பதினொன்றாவதாகப் பெண்டாட்டி மேல் இருக்கும் பயமும் பறந்துவிடும். அன்று காலையில் லாரிச் சக்கரங்களோடு மல்லுக்கட்டியதில் குடல் கூப்பாடு போட்டது. மனைவி கடையின் மறுபாதியில் சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் பூனைபோல மாடி ஏறி, ஆக்கி மூடி வைத்திருந்த சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் நின்றபடியே அள்ளி விழுங்கினான். ஒரு பிடி என்று நினைத்தது மூன்று பிடியானது. மூடியைப் பழையபடி வைத்துவிட்டு இறங்கினான்.

வயிறு அடங்கிய பிறகுதான் நாள் நினைவுக்கு வந்தது. அமாவாசை.

அமாவாசையன்று ஒரு சாமியாருக்காவது சோறு போடாமல் அவள் வாயில் பருக்கை வைக்கமாட்டாள். பிறந்த வீட்டுப் பழக்கம். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவனும் அவளோடு பட்டினி கிடக்க வேண்டும். சாமியார்கள் என்ன தண்ணீர் லாரியா, நாள் பார்த்து வர? பொழுது சாயும்வரை காய்ந்துவிட்டு, தூக்குவாளியோடு கோயில் வாசலுக்குப் போய் யாராவது ஒரு காவி வேட்டியைத் தேடிப் பிடிப்பாள். தானாக ஒருவர் தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

அன்றைக்குப் பார்த்து ஒருவர் வந்தார். டயரில் வெட்டிய செருப்பு. ஒன்றில் வார் அறுந்திருந்தது.

"இதுவும் டயர்தானே, கொஞ்சம் பாருங்க" என்று டயர்க்காரனிடம் நீட்டினார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி செருப்பைப் பிடுங்கித் தன் மெஷினில் வைத்து, தடித்த நூலால் வாரைத் தைத்துவிட்டாள். அப்புறம் அவரை மாடிக்கு அழைத்துப்போய், கால் கழுவத் தண்ணீர் ஊற்றி, பாய் விரித்து, தட்டு வைத்தாள். டயர்க்காரன் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டான்.

"சாப்பிடுங்க சாமி."

"நீங்கல்லாம் சாப்பிட்டாச்சா?"

"அதெப்படி? நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்."

சாமியார் எழுந்துவிட்டார். "அப்ப வேண்டாம்மா. வீட்டுக்காரங்க கை வெச்ச பானையில மிஞ்சினதைத்தான் வாங்கணும்னு என் குருநாதர் கட்டளை. முதல் பிடி என்னோடதா இருக்கக் கூடாது."

"இன்னிக்கு ஒரு நாள் மாத்திக்கக் கூடாதா?"

"நீங்க மாத்திக்குவீங்களா?"

"அதெப்படி முடியும்!"

"எனக்கும் அதேதாம்மா."

வந்தவர் வெறும் வயிற்றோடு படி இறங்கினால், வீட்டுப் புண்ணியத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று அவள் நம்பிக்கொண்டிருப்பவள். சாமியாரோ அவள் தைத்துக் கொடுத்த செருப்பில் காலை நுழைத்தார்.

டயர்க்காரன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வாயைத் திறந்தால் செத்தான். திறக்காவிட்டால் அவர் போய்விடுவார். இவள் அடுத்த அமாவாசைவரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். செத்துப்போவது சுலபம்.

"சாமி, நில்லுங்க. அந்தப் பானையில கை வெச்சாச்சு."

"யாரு வெச்சது?" என்றாள் மனைவி.

"பூனைன்னு சொன்னா நம்புவியா?"

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். மூடியின் மேல் கட்டைவிரல் ஒன்று கறுப்பாக, ரேகையோடு பதிந்திருந்தது.

"ஏங்க, பூனை டயர் கழட்டுமா? இன்னிக்கு என்ன நாள்னு தெரியாது?"

"தின்ன பிறகு தெரிஞ்சுது."

கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். ஓங்கிய கை பாதியில் நின்றது. சாமியார் பக்கம் திரும்பினாள்.

"சாமி, இந்த ஆளும் இந்த வீட்டுக்காரர்தானே?"

"அதை நீங்கதாம்மா சொல்லணும்."

"ஆமான்னு வெச்சுக்குங்க. இவர் தின்னாச்சு, அப்ப பானையில இருக்கறது மிச்சம். நான் இன்னும் பச்சைத்தண்ணி குடிக்கல, என் விரதமும் பத்திரமா இருக்கு. உக்காருங்க!"

சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். வறுவல் தீர்ந்ததும் டயர்க்காரனை ஏறிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் சரிதான். உருளைக்கிழங்கை மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கலாம்."

அவர் கை கழுவிக் கிளம்பிய பிறகு அவள் தனக்குப் பரிமாறிக்கொண்டாள்.

"எனக்கு?" என்றான் டயர்க்காரன்.

"உங்க பந்திதான் எல்லாருக்கும் முன்னாடியே முடிஞ்சுபோச்சே. தட்டைக் கழுவுங்க."

அடுத்த அமாவாசைக்கும் சாமியார் வந்தார். செருப்பு வார் நன்றாகத்தான் இருந்தது. அவரைத் தெருமுனையில் பார்த்ததுமே மனைவி மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

"ஏங்க, சாமி வந்துட்டார்! சீக்கிரம் மேல போய்த் திருடுங்க!"

பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஓடினான். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டுத் திருடும் சோற்றில் ருசி ஏது? போனால் போகிறதென்று இன்னும் இரண்டு பிடி தின்றான்.

"ஆச்சா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆச்சு, ஆச்சு!"

"கையைக் கழுவிட்டுத்தானே திருடுனீங்க?"

அவன் மூடியைப் பார்த்தான்.